சொந்த போனில் கம்பெனி வேலை: முதலாளிகளும் ஊழியர்களும் கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசரின் (ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவர்) போனைத் திறந்தால் பையர் அனுப்பிய டிசைன், டையிங் யூனிட்டுக்குப் போன ஷேடு படம், ஜாப்ஒர்க் ரேட், பிள்ளையின் ஸ்கூல் குரூப், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். போன் அவருடையது, அதில் பாதி கம்பெனியுடையது. எது யாருடையது என்று பெரும்பாலான இடங்களில் யாரும் பேசி வைத்ததில்லை. பத்துப் பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் நம் ஊர் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. போனை அடக்கி ஆள முயல்வதை விட்டுவிட்டு, போனுக்குள் இருக்கும் வேலையைத் தனியாகப் பிரித்து வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தனை வருஷமாக இப்படித்தானே ஓடுகிறது, இப்போது என்ன அவசரம்?

ஓடுகிறதுதான். ஆள் மாறும் நாளில்தான் நிற்கிறது. சேல்ஸில் இருந்தவர் விலகிப் போனதும் வாடிக்கையாளர்கள் அவருடைய சொந்த நம்பருக்கே ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். "இந்த ரேட்டுக்குத்தான் ஒப்புக்கொண்டோம்" என்று பார்ட்டி வாதிடும்போது, ஒப்புக்கொண்ட மெசேஜ் பழைய ஊழியரின் போனில் இருக்கும். கோர்ட் வரை போனால் இன்னும் சிரமம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஒரு பகுதியைப் பதிவைக் கொடுப்பவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். போன் உங்கள் கையில் இல்லாதபோது இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

பெரிய நிறுவனங்களே இதில் சிக்கியிருக்கின்றன. ஊழியர்கள் சொந்த போன் மெசேஜில் வியாபாரம் பேசியதையும் அதை நிறுவனங்கள் பதிவாகப் பாதுகாக்காததையும் காரணம் காட்டி, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது.

எல்லோருக்கும் கம்பெனி போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா?

பணம் இருந்தால் அதுதான் சுத்தமான வழி. ஆனால் எல்லோருக்கும் தேவையில்லை. பையரிடம் பேசுபவர், கலெக்ஷனுக்குப் போகிறவர், வங்கி ஓடிபி வருகிறவர் என்று நாலைந்து பேருக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்குக் கம்பெனி சிம் மட்டும் போதும். இன்று விற்கும் போன்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு சிம் போடலாம். சொந்த போன், கம்பெனி நம்பர் என்ற இந்த ஏற்பாடுதான் நம் அளவிலான நிறுவனங்களுக்குச் செலவுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் சரியாக நிற்கிறது. சொந்த போன், சொந்த நம்பர் என்பது வாடிக்கையாளரோடு தொடர்பே இல்லாத வேலைக்கு மட்டும் பொருந்தும்.

சிம்மை யார் பெயரில் வாங்குவது?

நிறுவனத்தின் பெயரில். முதலாளி தன் ஆதாரைக் கொடுத்து ஒவ்வொன்றாக வாங்கி விநியோகிப்பது பல இடங்களில் நடக்கிறது, அதை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்புகள்தான் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த நம்பரில் இருந்து யாராவது தப்புச் செய்தால் போலீஸ் முதலில் வருவது பெயர் இருப்பவரின் வீட்டுக்கு. தொழில் நிறுவனத்துக்கான இணைப்பு எடுத்தால், நிறுவன ஆவணங்களோடு அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் கேஒய்சியும் (அடையாளச் சான்று) கொடுக்க வேண்டும். 2023-இல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த மாற்றம் அது. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனாலும் நம்பர் என்றைக்கும் கம்பெனியிடம் இருக்கும்.

ஆள் போன பிறகு அந்த சிம்மை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஓடிபியெல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

வாட்ஸ்அப் இல்லாமல் வேலையே நடக்காது. அதை எப்படி முறைப்படுத்துவது?

கம்பெனி நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ், சொந்த நம்பரில் சாதாரண வாட்ஸ்அப். இரண்டும் ஒரே போனில் தனித்தனி ஆப்பாக ஓடும். வாடிக்கையாளரிடம் பேசுவதெல்லாம் பிசினஸ் ஆப்பில்தான் என்பது ஒரே விதி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இணைத்து வைத்தால் இன்னொருவரும் பார்க்கலாம். ஒருவர் லீவு போட்டாலும் ஆர்டர் நிற்காது.

இதில் பலரும் கோட்டை விடுவது இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பரில். ஊழியர் தனக்குத் தோன்றிய ஆறு இலக்கத்தைப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போய்விடுவார். சிம் உங்கள் கையில் இருந்தாலும் பின் தெரியாமல் உள்ளே போக முடியாது. மீட்பு இமெயிலும் இல்லையென்றால் 7 நாள் காத்திருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பின் நம்பரைக் கம்பெனி பதிவேட்டில் எழுதி வைத்து, மீட்பு இமெயிலாகக் கம்பெனி இமெயிலையே கொடுங்கள்.

இன்னொன்று போட்டோ. வாட்ஸ்அப்பில் வரும் படம் கேலரிக்குப் போகிறது. ஊழியரின் கூகுள் போட்டோஸில் அந்த ஃபோல்டருக்கும் பேக்கப் போட்டிருந்தால், அடுத்த சீசனுக்கான பையரின் டிசைன் அவருடைய சொந்தக் கணக்கில் போய் உட்காரும். அவருக்கே அது தெரியாது, கெட்ட எண்ணமும் கிடையாது. பிசினஸ் ஆப்பின் அமைப்புகளில் மீடியா கேலரியில் தெரிவதை நிறுத்தி வையுங்கள். இரண்டு நிமிட வேலை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஆர்டர் வாங்கும் ஏற்றுமதி நிறுவனம் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

குரூப்புகளில் குறைந்தது இரண்டு அட்மின் இருக்கட்டும், ஒருவர் நிர்வாகத்தில் இருந்து. விலகுபவரை அன்றே குரூப்பில் இருந்து எடுத்துவிடுங்கள்.

அக்கவுண்டன்ட் அம்மாவின் நம்பரில்தான் ஜிஎஸ்டி ஓடிபி வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடியதல்ல. சரக்கு அனுப்புவதற்கான ஈ-வே பில், மின்னணு விலைப்பட்டியலான ஈ-இன்வாய்ஸ் தளங்களில் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு படிப்படியாக வந்து, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. லாரி லோடு ஏறி நிற்கும்போது அந்த அம்மா குலதெய்வம் கோயிலில் சிக்னல் இல்லாமல் இருந்தால் ஈ-வே பில் எடுக்க வழியில்லை. அவர் விலகிப் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம்.

தளத்தில் பதிவான முதன்மை நம்பரைக் கம்பெனி சிம்முக்கு மாற்றுங்கள். பில் போடும் ஒவ்வொருவருக்கும் துணைப் பயனர் ஐடி உருவாக்கி, அவரவர் நம்பரை அதில் மட்டும் சேருங்கள். யார் எந்தப் பில் போட்டார் என்பதும் தெரியும், ஒருவர் போனால் அந்த ஐடியை மட்டும் முடக்கிவிடலாம். வங்கி, பிஎஃப், இஎஸ்ஐ, மின்வாரியம், டொமைன் பெயர் என்று எதெது யாருடைய நம்பரில் இருக்கிறது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பல வருஷத்துக்கு முன் விலகியவரின் நம்பர் ஒன்றாவது அதில் இருக்கக்கூடும்.

கலெக்ஷன் பணத்தை ஊழியரின் ஜிபேயில் வாங்கி மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். கம்பெனியின் க்யூஆர் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சொந்தக் கணக்கில் கம்பெனிப் பணம் வந்து போனால் நேர்மையான ஊழியரும் ஒருநாள் வருமான வரித்துறைக்கு விளக்கம் சொல்ல நேரிடும்.

கம்பெனி ஏதோ ஆப் போடச் சொல்கிறது. என் போட்டோ, மெசேஜ் எல்லாம் பார்ப்பார்களா?

ஊழியர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், கேளுங்கள். எந்த முறையில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது பதில்.

ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 5 வந்த 2014-இல் இருந்தே உள்ளது. போனுக்குள் கம்பெனி ஆப்களுக்கென்று தனி இடம் ஒதுக்கிவிடும். அந்த ஆப்களின் மேல் சின்னதாக ஒரு பெட்டிப் படம் இருக்கும். போன் உங்களுடையதாக இருந்து இந்த முறையில் இணைத்தால், நிர்வாகி அந்த இடத்துக்குள் இருப்பதை மட்டுமே கையாள முடியும். உங்கள் கேலரி, சொந்த வாட்ஸ்அப், கால் விவரம், பிரவுசர் எதையும் அவரால் பார்க்க முடியாது. போனின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஸ்கிரீன் லாக் இருக்கிறதா என்பது போன்றவை தெரியும். நீங்கள் விலகினால் அந்தப் பகுதி மட்டும் அழியும். வேலை நேரம் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தி அதை நிறுத்தியும் வைக்கலாம். ஐபோனிலும் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஊழியரின் சொந்த போனுக்கென்றே தனிப் பதிவு முறை இருக்கிறது. அதில் முழு போனையும் அழிக்கும் அதிகாரம் கம்பெனிக்குக் கிடையாது.

பயப்பட வேண்டியது வேறு வகை ஆப்களைப் பார்த்து. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஏபிகே ஃபைலாக (நேரடியாக போனில் ஏற்றும் ஆப் ஃபைல்) அனுப்பி, எஸ்எம்எஸ், கான்டாக்ட், மைக், லொகேஷன் என்று எல்லா அனுமதியும் கேட்கிற ஆப் எதுவாக இருந்தாலும், "இது எதற்கு?" என்று எழுத்தில் கேளுங்கள். முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: மலிவாகக் கிடைக்கிறது என்று இப்படிப்பட்ட ஆப்பை வாங்கினால், ஊழியரின் தகவலோடு உங்கள் வாடிக்கையாளர் பட்டியலும் சேர்ந்தே வெளியே போகும்.

லொகேஷன் வைத்து ஃபீல்டு ஸ்டாஃபைக் கண்காணிப்பது சரியா?

வேலை நேரத்தில், அவருக்குத் தெரிந்து, வேலைக்குத் தேவையான அளவுக்கு என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை அவர் மாமனார் வீட்டில் இருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பின் வழியில் வந்த 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியத்துக்கும் நிறுவனத்தை இழப்பில் இருந்து காக்கவும் ஊழியரின் தரவைக் கையாள நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்குப் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

ரீசார்ஜ் செலவை யார் ஏற்பது?

கம்பெனி. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2014-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலைக்குச் சொந்த போனைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் சொன்னால் பில்லில் நியாயமான பங்கை முதலாளி தந்தாக வேண்டும் என்றது. ஊழியர் எப்படியும் அன்லிமிடெட் பிளான்தான் வைத்திருக்கிறார், கூடுதல் செலவு இல்லையே என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. இங்கே அப்படி வெளிப்படையான கட்டளை இல்லாவிட்டாலும் நியாயம் ஒன்றுதான்.

நடைமுறையில் ஒரு சின்னக் கணக்கு. நம் ப்ரீபெய்டு பிளான்களில் பல 28 நாள். மாதம் ஒரு ரீசார்ஜ் என்று 12 தடவை கொடுத்தால், ஊழியர் வருஷத்துக்கு ஒன்றைத் தன் கையில் இருந்து போடுகிறார், ஏனென்றால் 13 தடவை போட்டால்தான் வருஷம் ஓடும். 13-ஆகவே கொடுங்கள். ரசீதை ஆப்பில் இருந்து இறக்கி வாங்கி வைத்துக்கொண்டால் கணக்குக்கும் சுத்தம். உண்மையில் ஆன போன் செலவைத் திருப்பித் தரும்போது ஊழியருக்கு வரிச் சுமை இல்லை. சம்பளத்தோடு நிலையான அலவன்ஸாகக் கொடுத்தால் அது வரிக் கணக்கில் சேரும். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு வகைப்படுத்துங்கள்.

டூட்டியில் போன் உடைந்துவிட்டது. கம்பெனி தருமா?

சைட்டில் மேலே ஏறி நின்று படம் எடுக்கச் சொன்னபோது கீழே விழுந்திருந்தால் தர வேண்டும் என்பேன். எவ்வளவு வரை, எந்த சந்தர்ப்பத்தில் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் வாக்குவாதம் வராது.

பெண் ஊழியர்களின் சொந்த நம்பரை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். இதில் என்ன பிரச்சினை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். டெலிகாலர், ரிசப்ஷன், ஷோரூம் சேல்ஸ் வேலையில் இருக்கும் பெண்களின் சொந்த நம்பர் விசிட்டிங் கார்டு, பார்சல், ஃபேஸ்புக் விளம்பரம் என்று எங்கெங்கோ போய்விடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு "சாப்பிட்டீங்களா" என்று மெசேஜ் வரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட குடும்பப் படத்துக்கு வாடிக்கையாளர் கமென்ட் போடுவார். பிளாக் செய்தால் "பார்ட்டியைப் பகைத்துக்கொண்டாய்" என்று ஆபீஸில் திட்டு. வேலையை விட்ட பிறகும் அழைப்புகள் நிற்பதில்லை. கடைசியில் நம்பரையே மாற்றுகிறார்கள். ஆதார், வங்கி, பிள்ளையின் ஸ்கூல் என்று எல்லா இடத்திலும் ஏறி இறங்கி.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது. வெளியாட்களால் வரும் தொல்லையில் இருந்தும் பாதுகாப்பான பணிச்சூழலைத் தருவது முதலாளியின் கடமை என்றும் சொல்கிறது. வாடிக்கையாளரின் ராத்திரி மெசேஜ் அவருடைய சொந்த விஷயம் என்று நிர்வாகம் ஒதுங்க முடியாது.

தீர்வு கடினமில்லை. வெளியே போவது கம்பெனி நம்பர் மட்டும். இணையம் வழியாக அழைப்பைத் திருப்பிவிடும் கிளவுட் டெலிபோனி சேவை எடுத்தால் ஒரே நம்பருக்கு வரும் அழைப்பு யார் போனுக்கும் திரும்பும், அவர்களின் சொந்த நம்பர் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தொல்லை கொடுக்கும் வாடிக்கையாளரிடம் மேலாளரே பேச வேண்டும், அந்தப் பெண்ணைப் பேச வைக்கக் கூடாது.

வேலை நேரம் முடிந்தபின் வரும் மெசேஜுக்குப் பதில் போட வேண்டுமா?

பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா பையரோடு வேலை செய்யும்போது நேர வித்தியாசத்தால் இரவு மெசேஜ் வரத்தான் செய்யும். அதற்கு முறை வைத்து ஆள் போடுங்கள், அந்த நேரத்துக்கு ஈடு கொடுங்கள். மற்றவை காலையில். அவசரமென்றால் போன் செய்யட்டும். மெசேஜ் என்றால் அவசரமில்லை என்று பொருள். இந்த ஒரு வழக்கம் வந்துவிட்டாலே வீடுகளில் சாப்பாட்டு நேரச் சண்டை பாதி குறையும்.

போன் தொலைந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

முதலில் ஆபீஸுக்குச் சொல்லுங்கள், திட்டு விழும் என்று மறைக்காதீர்கள். சொன்னவரைத் திட்டாமல் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒருவரைத் திட்டினால் அடுத்தவர் மறைப்பார். கம்பெனி இமெயில் கணக்கை வேறு கருவியில் இருந்து லாக்அவுட் செய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். சிம்மை முடக்கி அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள். போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை முடக்கக் கோரலாம். அந்த எண் தெரிய வேண்டுமே! *#06# அழுத்தி வரும் எண்ணை வேலையில் சேரும் அன்றே பதிவேட்டில் குறித்து வையுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். வாடிக்கையாளர் தகவல் கசிந்திருந்தால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது 2022 ஏப்ரல் உத்தரவு.

எம்டி படம் போட்ட நம்பரில் இருந்து "உடனே பணம் அனுப்பு" என்று மெசேஜ் வந்தது.

அனுப்பாதீர்கள். படத்தை யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எம்டி நம்பருக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே எதுவும். சப்ளையர் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தாலும் அப்படியே. இப்படி அழைத்துக் கேட்கும் அக்கவுண்டன்டை "மீட்டிங்கில் இருக்கிறேன், தொந்தரவு செய்யாதே" என்று எம்டி ஒருநாளும் கடிந்துகொள்ளக் கூடாது. மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான்.

வேலையை விடும்போது ஊழியரின் போனை வாங்கிப் பார்க்கலாமா?

கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் போனைத் திறந்து தேடினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின் கீழ் நீங்களே சிக்கலாம். "போனைக் கொடுத்தால்தான் செட்டில்மென்ட்" என்று சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் தவறு. வேலை தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தால் இதற்கு அவசியமே வராது: சிம்மை வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் பிசினஸ் பேக்கப்பை அவர் முன்னிலையில் கம்பெனி போனுக்கு மாற்றுங்கள், கம்பெனி இமெயிலை நீக்குங்கள், இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள். அரை மணி நேரம் போதும். கேலரியில் மீந்திருக்கும் டிசைன் படங்களை அவரே உங்கள் எதிரில் அழிக்கட்டும். ஸ்கிரீனை அவர் பிடித்துக் காட்டினால் போதும்.

புரொடக்ஷன் ஃப்ளோரில் போனே கூடாது என்கிறார்கள், சூப்பர்வைசர் மட்டும் எந்நேரமும் போனில் இருக்க வேண்டும் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

தையல் லைனிலும் கட்டிங் மெஷின் பக்கத்திலும் போன் வேண்டாம் என்பது கவனம் சிதறிக் கை போகாமல் இருக்க. பையரின் டிசைன் படமாக வெளியே போகாமல் இருக்கவும்தான். நியாயமான விதி. ஆனால் வீட்டில் ஏதாவது ஆனால் தகவல் எப்படி வரும் என்பதுதான் உள்ளே இருக்கும் பெண்களின் கவலை. டைம் ஆபீஸில் ஒரு லேண்ட்லைன் வைத்து, வருகிற தகவலை அந்த நிமிஷமே லைனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவரை நியமியுங்கள். லாக்கர் வசதி கொடுங்கள். சூப்பர்வைசருக்குக் கம்பெனி போன் ஒன்று போதும், லைனுக்கு ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது கை மாற்றிக்கொள்ளலாம்.

சொந்த போனில் கம்பெனி வேலை செய்ய மாட்டேன் என்று மறுக்கலாமா?

சேரும்போது அப்படி ஒரு நிபந்தனையே இல்லையென்றால் தாராளமாகக் கேள்வி எழுப்பலாம். சண்டையாக ஆக்காமல், "கம்பெனி சிம் கொடுங்கள், ரீசார்ஜ் கொடுங்கள், என் சொந்த நம்பரை வெளியே கொடுக்காதீர்கள்" என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கீபேட் போன் மட்டும் வைத்திருப்பவர், பழைய மாடலில் ஆப் ஓடாதவர் என்றும் ஆட்கள் உண்டு. அவர்களைப் புது போன் வாங்கக் கடனுக்குத் தள்ளுவது நிர்வாகத்துக்கு அழகல்ல. வேலைக்கு ஸ்மார்ட்போன் அவசியமென்றால், அது மேஜை நாற்காலி போல கம்பெனி வாங்கித் தர வேண்டிய பொருள்.